மும்முறை அதிர்ந்த வலை

பேரியாறே! சுள்ளியென முன்னோர் பெயரிட்டழைத்த பெருநீரே! மலைவிட்டு இறங்கி, ஆலுவாயில் இரண்டாய்ப் பிரிந்து, கடல்முகம் தேடி விரைகின்றாய். சற்றே நின்று கேள். நின் கரையில் உரம் செய்யும் ஆலையொன்றின் பணியாளன், மாலை வெயிலில் பந்தொடு களம் புகுந்தவன், மாய்ந்தான். ஆண்டு 2017, ஏப்ரல் 27, சித்திரை வெயில் காயும் நாள், இடம் எர்ணாகுளம், வயது எழுபத்தேழு. சுப்பிரமணியன் என்பது பெயர். ஆட்டக்காரர் பட்டியல் அவனை டி.கே.எஸ். மணி என்று எழுதிக்கொண்டது. கேரளமோ அவனைக் கேப்டன் மணி என்றே அழைத்தது. களம் விட்டு அவன் இறங்கிய பின்னும், காலில் வேகம் வற்றிய பின்னும், மூப்பு வந்து தோளில் அமர்ந்த பின்னும் அப்படியே அழைத்தது. அந்தப் பட்டம் இறப்பிலும் உதிரவில்லை. இரங்கற் செய்தியின் தலைப்பிலும் அதுவே முன்னே நின்றது.

எழுபத்தேழு வயது மூத்தவரை 'அவன்' என்பது தகுமோ எனச் சிலர் முகம் சுளிக்கலாம். கையறுநிலை பாடுவோர்க்கு முன்னோர் விட்டுச்சென்ற உரிமை அது. முடிவேந்தன் மாய்ந்தபோதும் புலவர் ஒருமையிலேயே அழைத்து அழுதனர். மரியாதைப் பன்மை வாசலோடு நின்றுவிடும். பிணத்தருகே போய் அமர்வது ஒருமை. சேரநாட்டு ஆட்டக்காரனுக்குத் தமிழில் அழுவானேன் என்று வேறு சிலர் கேட்கலாம். வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருது, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி, வாளோடு வடக்கிருந்து உயிர் துறந்த பெருஞ்சேரலாதனுக்காக அழுத மொழி இது. சேரர்தம் முசிறித் துறையில் யவனர் மரக்கலம் வந்து மிளகேற்றிப் போனதை எழுதி வைத்த மொழி இது. இன்றும் ஃபோர்ட் கொச்சியின் வேளிப் பகுதியில், டச்சுப் படையின் உடை வெளுக்க வந்தவர் தம் முன்னோர் என்று வரலாறு சொல்லும் வண்ணார் குடியினர், துவைகல்லருகே தமிழ் பேசி வாழ்கின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, கால்பந்தின் சந்தோஷ் கோப்பையைக் கேரளம் முதன்முதல் வென்ற பெருநாளுக்கு மணியின் அணியை ஆயத்தம் செய்த பயிற்சியாளர் சைமன் சுந்தரராஜ் தமிழர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் ஆடியவர். அழும் உரிமையை நாம் யாரிடமும் இரந்து பெற வேண்டுவதில்லை.

வடக்கே கண்ணூர் அவன் பிறந்த சீமை. பிரிட்டிஷ் பட்டாளம் முகாமிட்டிருந்த ஊர் அது. பட்டாளத்தார் மாலைப்பொழுதைப் போக்க உதைத்த பந்தை ஊர்ப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டனர். எடுத்தவர் திருப்பித் தரவில்லை. லக்கி ஸ்டார், ஜிம்கானா, ஸ்பிரிட்டட் யூத்ஸ் என்று கிளப்புகள் எழுந்தன. ஸ்ரீநாராயணர் பெயரால் கோப்பை வைத்து இந்தியாவின் பேரணிகளை வரவழைத்தனர். நெசவும் பீடியும் சுற்றிய கைகளுள்ள ஊரில், கால்களுக்கும் ஒரு தொழில் கிடைத்தது.

அந்த மண்ணுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. மாய்ந்த வீரனை அது போக விடுவதில்லை. வீடு துறந்து குடகு நாட்டுக்குச் சென்று, அங்கே மணம் புரிந்து, அங்கேயே பகைவர் வாளுக்கு இரையான மந்தப்பன், கதிவனூர் வீரன் என்னும் தெய்யமாக ஆண்டுதோறும் மீண்டு வருகிறான். முகத்தெழுத்தும் முடியும் தீயும் சூழ, செண்டையின் முழக்கில் அவன் சிலம்பம் ஆடும்போது, முதுபெண்டிர் தம் வீட்டுப் பிள்ளையிடம் பேசுவதுபோல் அவனிடம் குறை சொல்லி அழுவர். தமிழகத்து நடுகல் பேசாது நிற்கும். வடமலபாரின் நடுகல் எழுந்து ஆடும். வாளெடுத்து மாய்ந்தோனுக்கு அந்த வழி இருக்கிறது. பந்தெடுத்து, களத்தில் மாயாமல், பணி ஓய்வு பெற்று, மூத்து முதிர்ந்து மாய்ந்தோனுக்குத் தெய்யமாய் ஆட எந்தக் காவு? எந்த முடி?

அவன் தெற்கே வந்து சேர்ந்த இடம் ஏலூர், உத்யோகமண்டல். பேரியாற்றின் கிளைகள் சூழ்ந்த தீவில் 1943-இல் கால்கொண்டு 1947-இல் உரம் உற்பத்தி கண்ட ஃபாக்ட் ஆலை. திவான் சி.பி. ராமசாமி ஐயரின் வேட்கைக்கு உருக்கொடுத்தவர் திருச்சிராப்பள்ளிச் சேஷசாயி சகோதரர்கள். தொடக்க நாளில் விறகை எரித்து வாயு எடுத்து அம்மோனியா செய்தனர். பின்னாளில் எம்.கே.கே. நாயர் அதன் தலைமை ஏற்றிருந்த காலம் தனிச்சிறப்புடையது. உர ஆலையொன்று கதகளிப் பள்ளி நடத்தியது. பெயருக்கு முன்னே ஃபாக்ட் என்று சூடிக்கொண்ட வேடக்காரர்கள் அங்கிருந்து தோன்றினர். அதே ஆலை கால்பந்து அணியையும் காத்தது. ஒருபுறம் புகைபோக்கி, ஒருபுறம் ஆட்டவிளக்கு, ஒருபுறம் கோல்கம்பம்! ஆற்று நீரை அந்தத் தொழிற்பேட்டை என்ன செய்தது என்பது வேறொரு புலம்பலுக்குரிய பொருள். இங்கே அதைத் தொடவில்லை.

கம்பெனி அணி என்பதை இன்றைய இளைஞர்க்குச் சற்று விளக்கத்தான் வேண்டும். பந்தாடத் தெரிந்தவனைத் தேடிப்பிடித்து வேலையில் அமர்த்துவர். காலையில் அலுவல், மாலையில் பயிற்சி. ஆட்டத்துக்குக் கூலி இல்லை. வேலைக்குச் சம்பளம் உண்டு. ஏலூரில் ஃபாக்ட், களமசேரியில் பிரீமியர் டயர்ஸ், கொச்சியில் துறைமுகக் கழகம், குண்டறையில் அலிண்ட், திருவனந்தபுரத்தில் டைட்டானியம் என்று கேரளத்தின் தொழிற்சாலை வரைபடமே அதன் கால்பந்து வரைபடமாகவும் இருந்தது. கோழிக்கோட்டுச் சேட் நாக்ஜி, திருச்சூர்ச் சாக்கோளா, கோட்டயத்து மாமன் மாப்பிள்ளை என்று கோப்பைகள் ஊர்தோறும் காத்திருக்க, இவ்வணிகள் ரயிலேறிச் சென்று ஆடின. இன்றைய ஏலத்தையும் ஒப்பந்தத்தையும் நான் இகழவில்லை. ஆயினும் அந்த ஆலைகள் தந்த ஒன்றை இவை தருவதில்லை. முழங்கால் முறிந்தவன் வீட்டிலும் மறுமாதம் அடுப்பு எரிந்தது. மணியின் காலில் இருந்த அச்சமின்மைக்கு அந்தச் சம்பளப் பதிவேடும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

இனி அந்த நாள்.

சந்தோஷ் கோப்பை 1941-இல் பிறந்தது. வங்கத்தின் சந்தோஷ் சமஸ்தானத்து மன்மதநாத் ராய் சௌதுரியின் நினைவாக வைக்கப்பட்ட அது, முதல் ஆண்டிலேயே வங்கத்தார் கைக்குப் போயிற்று. பிறகும் பெரும்பாலும் அவர் கையிலேயே இருந்தது. 1956 நவம்பர் முதல் நாள் பிறந்த கேரளம் பந்தென்றால் பசி மறக்கும் நாடு. ஆயினும் பதினேழு ஆண்டுகள் அந்த வெள்ளிப் பாத்திரத்தைத் தூரத்திலிருந்தே பார்த்தது. ஒலிம்பிக்குக்கு ஆட்டக்காரரை அனுப்பிய நாடு; கல்கத்தாவின் பெருங்கிளப்புகளுக்கு இளைஞரை ஈந்த நாடு; தன் வீட்டு மாடத்தில் வைக்க ஒரு கோப்பை இல்லாத நாடு. 1973-இல் போட்டி எர்ணாகுளத்துக்கு வந்தது. களம், 1875-இல் தோன்றிய மகாராஜாஸ் கல்லூரியின் மைதானம். இறுதியாட்டம் டிசம்பர் 27, வியாழக்கிழமை. கிறிஸ்துமஸ் கழிந்து இரண்டாம் நாள். நம் கணக்கில் மார்கழி. எதிரே நின்றது ரயில்வே. நாடெங்குமிருந்து ஆள் திரட்டும் அணி அது. முன்பே மூன்று முறை இக்கோப்பையை ஏந்தியது.

கொச்சி மாநகராட்சிக்கு அப்போது வயது ஆறு. எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி என்று தனித்தனி நகராட்சிகளாய்க் காயலின் இரு கரையிலும் முகம் திருப்பி நின்ற ஊர்களை 1967-இல் ஆணையிட்டு ஒன்றாக்கினர். அரசாணையில் ஒன்றான ஊர்கள் உள்ளத்தில் ஒன்றானது அந்த மாலையில்தான் என்பேன். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் மிளகுக் கிடங்கும் சுக்குக் கிடங்கும் நினைவுக்கு வரட்டும். கொங்கணியர் தெரு, குஜராத்தியர் தெரு, கச்சி மேமன்கள், 1568-இல் எழுந்த யூதர் ஆலயம், அதனருகே வெறிச்சோடத் தொடங்கியிருந்த வீடுகள் யாவும் நினைவுக்கு வரட்டும். இத்தனை மொழியும் இத்தனை வழிபாடும் ஒரே படகுத்துறையில் இறங்கி ஒரே திசையில் நடப்பதற்கு ஒரு பந்து போதுமானதாயிற்று. கோப்பை வேண்டும் என்பதில் அக்கரைக்கும் இக்கரைக்கும் வழக்கில்லை.

அணியின் துணைத்தலைவர் அக்கரைப் பிள்ளையே: ஃபோர்ட் கொச்சியில் பந்து பழகிய டி.ஏ. ஜாஃபர், நடுக்களத்தின் சூத்திரதாரி. கோல் காக்க விக்டர் மஞ்ஞிலா. முன்வரிசையில் கொல்லத்து இளைஞர் நஜிமுதீன். சேவியர் பயஸ், சி.சி. ஜேக்கப் என்று பின்னாளில் கதைகளில் வாழப்போகும் பெயர்கள். இவர்களுக்கெல்லாம் முன்னே, கையில் தலைமைப் பட்டையோடு, மணி. முப்பதைக் கடந்தவன். கோல் அடிப்போர்க்கு முப்பது என்பது மூப்பின் தலைவாயில். முழங்கால் அப்போதுதான் கணக்குக் கேட்கத் தொடங்கும். தடுப்பாளர் எல்லோரும் தன்னினும் இளையவராய்த் தெரிவர். கால் எட்டாத இடத்தை அறிவால் எட்டக் கற்ற பருவம் அது.

அவன் மூன்று கோல் அடித்தான். கேரளம் அடித்த மூன்றும் அவன் அடித்தவை. ரயில்வே இரண்டு அடித்தது. மூன்றுக்கு இரண்டு.

இந்த நான்கு வரியை ஒரு நாடு அரை நூற்றாண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இறுதியாட்டத்தில் ஹாட்ரிக் என்பது எங்கும் அரிது. அணித்தலைவனே அடிப்பது அதனினும் அரிது. தன் நாட்டுக்கு முதல் கோப்பை. அது தன் ஊர்க் களத்தில். அதுவும் ஒற்றைக் கோல் வித்தியாசத்தில் தன் மூன்றாம் கோலே வென்று தர அமைவது, பொய்யுரைக்க அஞ்சாத கவிஞனும் துணியாத அமைப்பு. முதலமைச்சர் சி. அச்சுத மேனன் மறுநாள் விடுமுறை அறிவித்தார். சொல்லளந்து பேசும் மனிதர், செலவளந்து ஆளும் மனிதர். அவரே ஒரு நாளை அப்படியே எடுத்து மக்களுக்குத் தந்துவிட்டார். பள்ளி இல்லை, அலுவலகம் இல்லை. நாடு முழுதும் தெருவில் நின்று பேசியது.

அம்மம்ம! அந்த மாலையை எங்கே தேடுவது? அன்று இந்தியாவில் தொலைக்காட்சி தில்லி, மும்பை போன்ற ஒருசில நகரங்களோடு நின்றிருந்தது. கேரளத்தை அது எட்ட மேலும் ஏறத்தாழப் பத்தாண்டு ஆயிற்று. மைதானத்தில் இல்லாதவர்க்குச் செவியும் செய்தித்தாளுமே கதி. கல்லில் சமைத்தவன் கல்லை விட்டுச் செல்கிறான். ஏட்டில் எழுதியவன் ஏட்டை விட்டுச் செல்கிறான். பாடகனுக்கும் இசைத்தட்டு வாய்த்தது. பந்து வலை சேரும் கணமோ, சேர்ந்த கணத்திலேயே செத்துவிடுகிறது. வலை அசைந்து அடங்கியதும் நடுக்கோட்டில் பந்து மீண்டும் வைக்கப்படும். ஆட்டம் தன் போக்கில் போகும். அதன்பின் அந்தக் கோல் வாழ்வதற்குக் கண்டோர் நெஞ்சைத் தவிர வேறு வீடு இல்லை. மணியே! நின் மூன்று கோலும் குடியிருந்த வீடுகள் ஒவ்வொன்றாய் விளக்கணைந்து வருகின்றன. நின் நெஞ்சு அவற்றுள் பெரிய வீடு. அதுவும் அணைந்தது.

மைதானமே, நீ எப்படி இருக்கின்றாய்? நின்னைச் சுற்றி இன்று செயற்கை ஓடுபாதை சுற்றிக் கிடக்கிறது. நின் தலைக்கு அருகே மெட்ரோ ரயில் தூண்மேல் ஓடுகிறது. நிலையத்துக்கு மகாராஜாஸ் கல்லூரி என்று பெயர். உள்ளே அமர்ந்த பிள்ளைகள் மொபைலில் மாட்ரிட்டின் கோலையும் மான்செஸ்டரின் கோலையும் பல கோணங்களில் பார்த்தவாறு நின்னைக் கடந்து போகின்றனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. காட்டுவதற்கு நின்னிடம் ஒரு கோணமும் இல்லையே!

கடல்கடந்த ஒரு நகரத்திலும் இவ்வாறு ஒருவன் இருந்தான். வியன்னா நகரின் மத்தியாஸ் சிண்டெலார். 1903-இல் மொராவியாவில் பிறந்து, செங்கல் சூளைத் தொழிலாளர் குடியேறிய ஃபாவோரிட்டன் பகுதியில் வளர்ந்தவன். கொத்தனாரான தந்தையை முதல் உலகப்போரின் இத்தாலிய எல்லைக்களம் விழுங்கியது. மெலிந்த மேனி, முட்டாமல் மோதாமல் தடுப்பாளரிடையே நழுவிச் செல்வான், ஆதலால் காகித மனிதன் என்று அழைத்தனர். 1931-இல் ஸ்காட்லாந்தை ஐந்து கோலால் வீழ்த்திய ஆஸ்திரிய அற்புத அணியின் நடுநாயகன் அவன். 1934 உலகக் கோப்பையில் இத்தாலி அரையிறுதியில் தடுக்கும்வரை அவ்வணிக்கு நிகரில்லை என்றே ஐரோப்பா கருதியது. 1938 மார்ச்சில் இட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினான். ஏப்ரல் 3-ஆம் நாள், இரு நாட்டணிகளும் ஒன்றாவதைக் கொண்டாட ஒரு காட்சி ஆட்டம் வைத்தனர். கொண்டாட்டத்துக்கு வந்தவன் கோல் அடித்தான். ஆஸ்திரியா இரண்டுக்குச் சுழியம் என்று வென்றது. பின்னர் ஜெர்மானிய அணிக்கு ஆட மறுத்தான். 1939 சனவரி 23-ஆம் நாள் காதலி கமில்லாவோடு இருந்த அறையில் மாய்ந்து கிடந்தான். புகைபோக்கிக் கோளாற்றில் கசிந்த நச்சுக் காற்று என்றது காவல்துறை. வயது முப்பத்தைந்து. கொலையென்பாரும் தற்கொலையென்பாரும் இன்றும் உளர். நாடிழந்து திரிந்த ஃப்ரீட்ரிஷ் டோர்பெர்க் அவனுக்கொரு இரங்கற்பா எழுதினார். வியன்னா நடுவண் இடுகாட்டில் நகரம் அவனுக்குச் சிறப்புக் கல்லறை தந்தது.

அந்தக் கதையிலும் கறை இல்லாமலில்லை. யூதர் ஒருவரிடமிருந்து அரசு பறிக்க முனைந்த காப்பிக்கடையைத்தான் சிண்டெலார் விலைக்கு வாங்கினான். நல்ல விலை தந்தான் என்று காப்போரும், பறிப்பில் பங்குகொண்டான் என்று பழிப்போரும் இன்றுவரை வழக்காடுகின்றனர். மட்டாஞ்சேரி யூதர் தெருவில் நின்று இதை எண்ணும்போது வேறொரு வரலாறு குறுக்கே வருகிறது. இத்தெருவின் குடிகளும் போயினர். 1950-கள் தொட்டுப் புதுநாடு நோக்கித் தாமே விரும்பிப் போயினர். விரட்டியவர் இல்லை, கடையைப் பறித்தவர் இல்லை. வியன்னாவில் அந்தப் பறிப்பைக் கண்டவன் இதை நம்பியிருக்க மாட்டான்.

சிண்டெலாரை இங்கே நான் அழைத்தது புகழ் ஒப்பிட அன்று. இளமையில் மாய்ந்தோர்க்குப் பாட்டு எளிதில் வாய்க்கிறது. முப்பத்தைந்து வயது, மூடிய அறை, கொடுங்கோலன், காதலி; கவிஞன் எழுதுகோலைத் தொட்டால் போதும். கண்ணூர் மண்ணே தந்த இன்னொரு தலைவன் வி.பி. சத்தியன், 1992-இல் நம் கோயம்புத்தூரில் கேரளத்துக்குச் சந்தோஷ் கோப்பை வென்று தந்தவன். இந்தியாவுக்கும் தலைமை தாங்கியவன். 2006 சூலை 18-ஆம் நாள் சென்னைப் பல்லாவரம் ரயில் நிலையத்தில், நாற்பத்தொரு வயதில் அவன் முடிந்தபோது நாடு நடுங்கியது. பன்னிரண்டு ஆண்டு கழித்துக் 'கேப்டன்' என்றே பெயரிட்டு அவன் வாழ்வைத் திரைப்படமாக எடுத்தனர். அது தகும், அவனுக்கு அது தகும். ஆனால் முதல் கோப்பையின் தலைவன் நாற்பத்து மூன்று ஆண்டும் நான்கு திங்களும் அந்த மாலைக்குப் பின் வாழ்ந்தான். அதில் திரைக்கதை இல்லை. அலுவலுக்குப் போனான், ஓய்வு பெற்றான், முதிர்ந்தான். ஆண்டுதோறும் சந்தோஷ் கோப்பைக் காலம் வந்ததும் நிருபர் வந்திருப்பர். அதே மூன்று கோலைப் பற்றி அதே கேள்வி.

அந்த வாழ்வை நினைக்கும்தோறும் எனக்குப் பெருஞ்சேரலாதனைவிட மணியே வலியவனாய்த் தோன்றுகிறான். சேரன் ஒரு தோல்வியைத் தாங்க மாட்டாமல் உயிரை விட்டான். இவன் ஒரு வெற்றியை நாற்பது ஆண்டுக்கு மேல் தாங்கினான். வாழ்வின் உச்சி முப்பது சொச்சம் வயதில் ஒரு வியாழக்கிழமை மாலையிலேயே வந்துபோயிற்று என்று தெரிந்தபின்னும், மறுநாளும் எழுந்து பல் துலக்கி வாழ வேண்டியிருந்தது. மணியே, தெருவில் எதிர்ப்படுவோர் எல்லாரும் நின் முகத்தில் அந்த மாலையைத் தேடுவர். நின் இன்றைய முகம் அவர்க்கு வேண்டியதில்லை. மூப்பில் மாய்ந்தவனுக்கு அழுவோர் குறைவு; 'நிறைவாழ்வு' என்று சொல்லித் தம் கடமையை முடித்துக்கொள்வர். நிறைவாழ்வாம்! நிறைந்த குடம் உடைந்தால் சிந்துவது கொஞ்சமோ?

அவனைத் தாங்கிய உலகம் அவனுக்கு முன்பே தேயத் தொடங்கிவிட்டது. ஆலைகள் தம் அணிகளை ஒவ்வொன்றாய்க் கலைத்தன. பிரீமியர் டயர்ஸ் பெயரே மறைந்து வேறு பெயர் பூண்டது. விளையாட்டு வீரர்க்கென வேலை ஒதுக்குவது வீண்செலவு என்று எங்கோ ஒரு கணக்கர் எழுதிய குறிப்பு, கோழிக்கோட்டிலிருந்து திருவனந்தபுரம்வரை கோல்கம்பங்களைப் பிடுங்கிற்று. கலூரில் பேரரங்கம் எழுந்தது. 2014 முதல் பிளாஸ்டர்ஸ் அணிக்காக மஞ்சள் கடல் அங்கே பொங்குகிறது. அதன் இரைச்சலை நானும் விரும்புகிறேன். மணி மாய்ந்த ஆண்டின் அக்டோபரில் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகப் பிரேசிலும் ஸ்பெயினும் கொச்சிக்கு வந்தன. மகாராஜாஸ் மைதானம், பனம்பிள்ளி நகர், ஃபோர்ட் கொச்சியின் பரேட் மைதானம், வண்ணார் துறைப் பக்கத்து வேளி மைதானம் ஆகியவற்றைப் புல் விரித்துப் பயிற்சிக் களமாக்கினர். பிரேசிலின் பிள்ளைகள் நின் ஊரில் ஆட வந்தனர், மணியே! நீயோ அரையாண்டுக்கு முன்னே விடைபெற்றுவிட்டாய். அந்த அவசரம் ஏனோ?

மறுவருடம், 2018-இல், நஜிமுதீன் போனார். முன்வரிசையில் நின் தோளருகே ஓடியவர். அக்கரை ஜாஃபர் மட்டும் நெடுநாள் நின்றார். ஃபாக்டுக்கும் பிரீமியர் டயர்ஸுக்கும் ஆடியவர். பின் பயிற்சியாளராகி, சத்தியன் தலைமையில் 1992-இல் கோயம்புத்தூரில் ஒன்று, குரிகேஷ் மாத்யூ தலைமையில் 1993-இல் அதே எர்ணாகுளத்தில் ஒன்று என்று அடுத்தடுத்து இரு கோப்பைகளைக் கேரளத்துக்குக் கொண்டுவந்தவர். துணைத்தலைவராய் ஒரு முறை, ஆசானாய் இரு முறை. அந்த வெள்ளிப் பாத்திரத்தின் எடை அவர் கைக்கு நன்கு தெரியும். 2018-இல் கல்கத்தாவிலும் 2022-இல் மஞ்சேரியிலும் வங்கத்தையே பெனால்டியில் வென்று கேரளம் கோப்பை ஏந்தியதையும் அவர் கண்டார். முதல் வெற்றியின் பொன்விழா 2023 டிசம்பர் 27-ஆம் நாள் வரவிருந்தது. ஐம்பது ஆண்டு பொறுத்தவர்க்கு இன்னும் சில நாள் பொறுக்க இயலவில்லை. அந்த டிசம்பரிலேயே, விழா நாளை எட்டுமுன், ஜாஃபரும் போனார்.

கேலரியில் அன்று இருபது வயதில் அமர்ந்தவர் இன்று எழுபதைக் கடந்தவர். மட்டாஞ்சேரிப் பாட்டன்மாரே, பஜார் ரோட்டுத் திண்ணைகளில் மிஞ்சியிருக்கும் மூத்தோரே! பேரனை அருகழைத்து, அவன் கையிலுள்ள மொபைலை வாங்கிக் கீழே வையுங்கள். முழங்கால் நொந்தாலும் எழுந்து நின்று, அந்த மூன்று கோலையும் ஒன்று விடாமல் ஆடிக் காட்டுங்கள். ரயில்வே அடித்த இரண்டையும் மறைக்க வேண்டாம். அவையும் இல்லாமல் மூன்றாவதன் அருமை அந்தப் பிள்ளைக்கு விளங்காது.